உதயரூபனின் பதினைந்து நிமிடம்

பாட்டுக் கேட்க வந்த சனத்துக்கு முன்னால் பாடத் தெரியாத ஒருவனை நிறுத்தி, "பதினைந்து நிமிடம் இவர்களைச் சிரிக்க வை" என்று சொல்வதைப் போல அநியாயம் வேறு கிடையாது. சனம் காத்திருப்பது பாடகிக்காக. பாடகி மேடைக்குப் பின்னால் வான் வண்டிக்குள் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு மனிதன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இவன் எப்போது இறங்குவான் என்றுதான் எல்லாரும் பார்க்கிறார்கள். இந்த வேலையை ஒருவன் நான்கு வருடமாக, அதுவும் விரும்பிச் செய்கிறான் என்றால் அவனுக்கு எங்கோ ஒரு ஆணி கழன்றிருக்க வேண்டும். உதயரூபனுக்குக் கழன்றுதான் இருக்கிறது. நல்ல காலம்.

நான் யார் என்று கேட்பீர்கள். மட்டக்களப்பில், தன்னாமுனையில் இளையதம்பி சவுண்ட்ஸ் என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். இளையதம்பி என் அப்பா. இப்போது நடத்துவது நான். கோயில் திருவிழாவோ, இசை நிகழ்ச்சியோ, இந்த மாவட்டத்தில் பாதிக்குப் பாதி என் ஸ்பீக்கர்கள்தான். இருபத்திரண்டு வருடத்தில் என் சத்தம் நடுவில் நின்றது என்று ஒருவன் சொல்லட்டும் பார்ப்போம். என் ஒலிபெருக்கிக் குழாய் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பேசினால் கிழக்கே எழுவான்கரையில் தொட்டில் பிள்ளை எழும்பும் என்று நானே நாலு பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். அந்தப் பெருமை என்ன செய்துவைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உதயரூபன் பகலில் வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் பார்க்கிறவன். முப்பத்தாறு வயது, ஒல்லி, நாய்க்குப் பயம். மீற்றர் பார்க்கிறவன் நாய்க்குப் பயந்தால் அந்தப் பிழைப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேடையில் சிரிக்க வைக்கிற பகிடிக்காரனானது தற்செயல்தான், அதற்குக் காரணமும் நான்தான். நான்கு வருடத்துக்கு முன் படுவான்கரையில் ஒரு கோயில் திருவிழா. பாட வேண்டியவரின் வான் வழியில் காற்றுப் போய் நிற்கிறது. அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சனம் கூச்சல் போடுகிறது. என் பக்கத்தில் நின்று வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்த உதயரூபனை, "என்ட காதுக்குள்ள கதைக்கிறத அங்க போய்க் கதை" என்று எரிச்சலில் மேடைக்குத் தள்ளிவிட்டேன்.

அவன் மைக்கைப் பிடித்தான். "நான் ஆரையம்பதியில கலியாணம் முடிச்சவன்" என்றான். கூச்சல் போட்ட சனம் திரும்பிப் பார்த்தது. "மாமிட வளவுக்குள்ள இரிக்கன்" என்றான். ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. பெண்கள் பக்கம் சிரித்தது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான்.

வெளியூர் ஆட்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு, மாமியாரின் வளவுக்குப் போவான். உதயரூபன் மேடையில் இதை இப்படிச் சொல்லுவான்: "பொறந்த வீடு தங்கச்சிக்கு. முடிச்ச வீடு பொஞ்சாதிக்கு. ஆம்புளைக்கு எண்டு கடைசியில ஆறடி நிலம் இரிக்கு. அதையும் மாமி வந்து அளந்து பாத்து, 'இவருக்கு அஞ்சரை காணும்' எண்டுவா."

அந்த மேடை மாமி ஒரு பயங்கரம். வாய் என்றால் வாய். அவர் கதைக்கத் தொடங்கினால் கல்லடிப் பாலத்தில் போகிற பஸ் நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். மருமகன் இரண்டாவது தரம் சோறு போட்டால் அகப்பையின் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். எல்லாவற்றிலும் சனம் உருளுகிற பகிடி ஒன்று இருக்கிறது. "வாவியில மீன் பாடுதாம் எண்டு வெள்ளைக்காரன் ராவு ராவாக் காத வச்சிக் கேக்கான். ஐயா, அது மீனில்ல. என்ட மாமி அங்கால கரையில நிண்டு எனக்கு ஏசுறா!" இதை நான் அறுபது தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன். இன்னும் சிரிப்பு வருகிறது, என்ன செய்வது.

உண்மையான மாமி சீதேவிப்பிள்ளையைப் பார்த்தவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினால் அது திருவிழா நாள். கணவர் காலமான பிறகு விடிய எழும்பிப் பிட்டு அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து ஒற்றை மகளை வளர்த்தவர். மகள் பிரஷாந்திக்குக் கலியாணமானதும் கல்வீட்டைக் கொடுத்துவிட்டு, வளவின் பின்பக்கம் ஆற்றைப் பார்த்த, பிட்டு அவிக்கும் குசினியோடு ஒரு சின்ன அறைக்குப் போய்விட்டார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம்.

எங்கள் பழைய ஆட்களிடம் ஒரு வழக்கம். மாமியார் மருமகனின் முகத்துக்கு நேரே நின்று கதைக்க மாட்டார். இப்போது அதெல்லாம் போய்விட்டது, மாமியும் மருமகனும் ஒரே போனில் படம் பார்க்கிற காலம். சீதேவிப்பிள்ளை மட்டும் விடவில்லை. ஆறு வருடத்தில் மருமகனோடு நேரே ஒரு சொல் பேசியதில்லை. மகள் இருந்தால் மகளிடம் சொல்லுவார். மகள் இல்லாவிட்டால் கறுப்பி என்ற பூனையிடம். "கறுப்பி, மழை இருட்டுது. குடையக் கொண்டுபோகச் சொல்லு." பூனை என்னத்தைச் சொல்லும்? உதயரூபன் குடையை எடுத்துக்கொண்டு போவான்.

மேடை மாமியைப் பற்றி பிரஷாந்திக்குத் தெரியும். சிரிப்பாள். ஆனால் ஒரு சட்டம் போட்டிருந்தாள். "இஞ்சருங்க, ஆத்துக்கு அங்கால போய் என்னத்தையும் சொல்லுங்க. எழுவான்கரையில ஒரு சொல்லு வரப்படா. அம்மாட காதுக்குப் போச்செண்டா, மறுகா நீங்க உங்கட தங்கச்சிட வீட்டு வாசல்லதான் படுக்கோணும்."

ஆகவே உதயரூபன் ஆரையம்பதி இருக்கிற எழுவான்கரைக் கோயில்களுக்கு வருவதே இல்லை. படுவான்கரை மட்டும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! நானும் சரி என்றேன். "ஊர்ச்சனம் சொல்லாதாடா?" என்று ஒருநாள் கேட்டேன். "மாமி ஆரோடயும் கதைக்கிறல்ல அண்ணன், ஆர் போய்ச் சொல்லுவான்?" என்றான். மாமியிடம் பட்டன் போன். வீடியோ பயமும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம்.

இந்த வருடத் தொடக்கத்தில் நகரத்து மைதானத்தில் பெரிய நிகழ்ச்சி ஒன்று வந்தது. சென்னையிலிருந்து பாடகி. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருடைய மனேஜர் எனக்குப் போன் எடுத்துத் தொல்லை தருவார். ஒழுங்கு செய்த நிலோஜன், பாடகிக்கு முன்னால் பதினைந்து நிமிடம் உதயரூபனுக்கு என்று சொன்னபோது, இவன் என் கடைக்குள் வந்து ஸ்பீக்கர்ப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பத்தாயிரம் பேர் வருவார்கள். நான்கு வருடம் திருவிழா மணலில் நின்றவனுக்கு முதல் பெரிய மேடை. நகரமும் எழுவான்கரைதான், ஆனாலும் ஆரையம்பதிக்குத் தூரம் என்று பிரஷாந்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் பிட்டுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்த சீதேவிப்பிள்ளை கறுப்பியைக் கூப்பிட்டிருக்கிறார். "கறுப்பி, அந்த அம்மன் பாட்டுப் படிச்ச புள்ள மட்டக்களப்புக்கு வருதாம். எனக்கும் ஒருக்காப் பாக்கோணும் போல இரிக்கு."

ஆறு வருடத்தில் அந்த மனிசி தனக்கென்று கேட்ட முதல் ஆசை. உதயரூபனால் எப்படி இல்லை என்று சொல்ல முடியும்? நிலோஜனிடம் சொல்லி முன்வரிசையில் இரண்டு கதிரை வாங்கிக் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தான்.

"அண்ணன், என்ட பதினைஞ்சு நிமிசத்துல பதினாலு நிமிசம் மாமி."

"மற்ற ஒரு நிமிசம்?"

"வணக்கம் சொல்றது."

"மாமிய விட்டுட்டு வேற ஏதாவது சொல்லு. நாய்க் கதை சொல்லு. மீற்றர் பாக்கப் போன இடத்துல நாய் துரத்தினது."

இதையும் சொன்னவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒரு கிழமை முழுக்க என் கடையில் நின்று நாய்க் கதை பழகினான். கடவுளே! வெள்ளை நாய், கறுப்பு நாய், கட்டின நாய், கட்டாத நாய். நான் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. "இதச் சொன்னா நாயே எழும்பிப் போயிரும்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. "சனம் சிரிக்காட்டிப் பரவால்ல அண்ணன். மாமிட மனம் நோகப்படா. அந்த மனிசி எனக்கு இதுவரைக்கும் ஒரு குறை வச்சதில்ல" என்றான்.

கடைசியாக ஒரு ஏற்பாடு சொன்னான். "நிலைமை மோசமாப் போச்செண்டா நான் தலையச் சொறியிறன். நீங்க மைக்க நிப்பாட்டுங்க. கரண்ட் பிழை எண்டு சொல்லி இறங்கிருவன்." நான் "பாப்பம்" என்றேன். பார்ப்போம் என்றால் சரி என்று அர்த்தமில்லை, அது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிகழ்ச்சி நாள். ஆறரை மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பிரஷாந்தி, பக்கத்தில் மாம்பழ நிறச் சேலையில் சீதேவிப்பிள்ளை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து இருந்தார். உதயரூபன் ஏறினான். வணக்கம் சொன்னான். நாயை அவிழ்த்துவிட்டான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வெள்ளை நாய் போனது. கறுப்பு நாய் போனது. பின்னால் யாரோ கச்சான் கடலைக் கோது உடைக்கிற சத்தம், நான் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் வரைக்கும் கேட்டது. நாலாவது நிமிடம் படுவான்கரையிலிருந்து வந்த கூட்டம் ஒன்று எழும்பி, "உதயன் அண்ணே, மாமி எங்க?" என்று கத்தியது. இன்னொரு பக்கம், "மாமிய விடுங்க!" என்றது. பிறகு மைதானமே கை தட்டிக்கொண்டு "மாமி! மாமி!" என்று கத்தத் தொடங்கியது. சீதேவிப்பிள்ளை மகளின் முகத்தைப் பார்த்தார். பிரஷாந்தி நிலத்தைப் பார்த்தாள்.

உதயரூபன் தலையைச் சொறிந்தான்.

நான் பார்த்தேன். மிக்சரில் கை வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கை வைத்தேன். ஆனால் இருபத்திரண்டு வருடம் நிற்காத சத்தம். பத்தாயிரம் பேருக்கு முன்னால் இளையதம்பி சவுண்ட்ஸ் படுத்துவிட்டது என்று ஊர் சொல்லட்டுமா? உன் மாமிக்காக என் அப்பாவின் பெயரைக் கெடுக்கவா? போடா என்று கையை எடுத்துவிட்டேன். அவன் இரண்டு கையாலும் சொறிந்தான். சனம் அதைப் பகிடி என்று நினைத்து முதல் தடவையாகச் சிரித்தது. அதே நேரம் மேடை ஓரத்தில் நிலோஜன் பத்து விரலையும் விரித்துக் காட்டினான். பாடகியின் தலை அலங்காரம் முடியவில்லை, இன்னும் பத்து நிமிடம் இழு என்று அர்த்தம்.

உதயரூபன் என்னை ஒரு பார்வை பார்த்தான். கொலை விழும் பார்வை. பிறகு மைக்கை மற்றக் கைக்கு மாற்றினான்.

"சரி. மாமிட கதை சொல்றன். ஆனா இண்டைக்கு உண்மையச் சொல்றன்" என்றான். கூட்டம் அடங்கியது. "நான் இவ்வளவு நாளும் உங்களுக்குச் சொன்னதெல்லாம் பொய். என்ட மாமிக்கு வாயே இல்ல. ஆறு வருசமா என்னோட ஒரு சொல்லுக் கதைச்சதில்ல. எல்லாத்தையும் பூனைக்கிட்டத்தான் சொல்லுவா."

முன்வரிசையில் கைப்பை இறுகியது.

"பூனை மறந்துபோச்செண்டா நான் பட்டினி. போன மாசம் அந்தப் பூனை குட்டி போட்டுட்டு மூணு நாள் வரல்ல. மூணு நாளும் வீட்டுல ஒரு தகவலும் இல்ல. தபால் கந்தோர் பூட்டின மாதிரி! நான் வளவெல்லாம் பூனையத் தேடித் திரியிறன். பக்கத்து வீட்டு மனிசன் கேக்கார், 'என்ன தம்பி, பூனை எண்டா அவ்வளவு விருப்பமா?' பூனையில விருப்பமில்ல ஐயா, இண்டைக்கு என்ன கறி எண்டு தெரியோணும்!"

மைதானம் வெடித்தது. பழைய மாமிக்குக் கிடைக்காத சிரிப்பு. எனக்கு மிக்சரில் ஊசி சிவப்புக்குப் போனது, நான் குறைக்கவில்லை.

"போன வருசம் மீற்றர் பாக்கப் போன இடத்துல நாய் கடிச்சி ஆசுபத்திரியில கிடந்தன். அங்க பூனைக்கு எங்க போறது? மாமி பிட்டுப் பாசலோட வந்து நிக்கிறா. என்னப் பாக்கல்ல. சேலைன் கட்டின கம்பியப் பாத்துச் சொல்றா, 'பிட்டும் மீன் ஆணமும் இரிக்கு. ஆறமுந்தித் தின்னச் சொல்லு.' கம்பி பேசாம நிக்குது. பக்கத்துக் கட்டில்ல கிடந்த ஐயா பயந்து போய், 'மிஸ்ஸி, மிஸ்ஸி, இஞ்ச ஒரு மனிசிக்குச் சுகமில்ல!' எண்டு தாதியக் கூப்பிட்டுக் கத்துறார்."

சனம் கதிரையில் இருக்கவில்லை. ஆரையம்பதிச் சனம் ஒவ்வொருவராகக் கழுத்தை நீட்டி மாம்பழ நிறச் சேலையைப் பார்க்கத் தொடங்கியது. சீதேவிப்பிள்ளை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று என் இடத்திலிருந்து தெரியவில்லை.

உதயரூபனும் பார்த்துவிட்டான். அவன் குரல் இறங்கியது. "அஞ்சு நாளும் வந்தா. ரெண்டு பஸ் மாறி. அந்தக் கம்பியோடதான் கதைச்சா. ஆனா ஒண்டு சொல்றன். இந்த ஆறு வருசத்துல என்ட சோறு ஒரு நாளும் ஆறினதில்ல." அதோடு நிறுத்திவிட்டு, கும்பிட்டுவிட்டு இறங்கினான். பத்தாயிரம் பேரும் எழும்பிக் கை தட்டினார்கள். பாடகி வானுக்குள் இருந்து எட்டிப் பார்த்து, இது யாருக்கு என்று கேட்டாராம்.

மேடைக்குப் பின்னால் வயர் பெட்டி மேல் அவன் வேர்த்துப்போய் இருந்தான். நான் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். "நீங்க ஒரு மனிசனா?" என்றான். நியாயமான கேள்வி. பாட்டுத் தொடங்கி இரண்டு பாட்டு முடிந்திருக்கும், பிரஷாந்தி தாயைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தாள். அவன் எழும்பித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

சீதேவிப்பிள்ளை சுற்றிப் பார்த்தார். பூனை இல்லை. எங்கள் நடுவில் என் மைக் கம்பி ஒன்று நின்றது. சரிதான், இனி அதைப் பார்த்துத்தான் ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டிக் கம்பியை ஓரமாகத் தள்ளி வைத்தார். மருமகனை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த நாய்க் கதைய விடுங்க மகன். நல்லா இல்ல."

பிரஷாந்தி, "அம்மா!" என்றாள்.

"மாமிட கதைதான் நல்லம். அந்த மீன் பாடுற கதை. நாலு வருசமாக் குசினிக்குள்ள இரிந்து கேக்கன். ஆத்துத் தண்ணியில எல்லாம் தெளிவா வருகுது."

நானும் உதயரூபனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எழுவான்கரைக்குத் தெரியக்கூடாதென்று படுவான்கரைக்குப் போய், ஆற்றங்கரைக் கோயில்களில், என் குழாயில், நேரே மாமியின் குசினியைப் பார்த்துத்தான் இவன் நான்கு வருடம் மாமியைத் திட்டியிருக்கிறான். சத்தம் ஆறு தாண்டும் என்று ஊரெல்லாம் பெருமை பேசிய நான் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறேன். இரண்டு மடையர்.

"மாமி, கோவமில்லையா?" என்று மெல்லக் கேட்டான்.

"என்னத்துக்குக் கோவம்? நான் கதைக்காத கதையெல்லாம் நீங்கதானே கதைக்கிறீங்க." அவர் கைப்பையைத் திறந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "பிட்டு. ஆறமுந்தித் தின்னுங்க."

பத்தாயிரம் பேர் கை தட்டியபோது கலங்காத உதயரூபன் அப்போது வயர் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுகொண்டே தின்றான். எனக்கும் ஒரு பிடி தந்தான். கோபம் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன். பாடகி மேடையில் அம்மன் பாட்டைத் தொடங்கினார். "உங்கட பாட்டு அம்மா, வாங்க" என்று பிரஷாந்தி கூப்பிட்டாள். "பாட்டு வீட்டுலயும் கேக்கலாம். நான் இவரைப் பாக்கத்தானேகா வந்தனான்" என்று சொல்லிவிட்டு அந்த மனிசி அங்கேயே நின்றார்.

இப்போது நிலைமை வேறு. சீதேவிப்பிள்ளை மருமகனோடு கதைக்கிறார். கதைக்கிறார் என்றால், நிறுத்துவதில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மறுநாள் விடிய, எங்கே அவசரப்பட்டான், எந்தப் பகிடி பழசாகிவிட்டது என்று பிட்டு அவித்துக்கொண்டே சொல்லுகிறாராம். "நான் மேடையில ஒரு மாமியச் செய்தன் அண்ணன், அது உயிரோட எழும்பி வந்துட்டு" என்று உதயரூபன் என்னிடம் முறைப்பாடு சொல்லுகிறான். சொல்லும்போது வாயெல்லாம் பல். கறுப்பிக்குத்தான் வேலை போய்விட்டது.

போன மாதம் படுவான்கரையில் ஒரு திருவிழா. பின்னேரம் நான் குழாய் கட்டிக்கொண்டிருக்க, போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தேன்.

"தம்பி, நான் உதயன்ட மாமி கதைக்கன். போனமுறை காத்துல பாதி கேக்கல்ல. ஒரு குழாய இஞ்சால திருப்பி வையுங்க."

நான் ஏணியில் ஏறித் திருப்பி வைத்தேன். கோயில் தலைவர் வந்து, "என்ன தம்பி, சனம் இந்தப் பக்கம் இரிக்கு, நீ ஆத்தப் பாத்துக் கட்டுறாய்?" என்று கேட்டார். "அங்காலயும் ஒரு ஆள் இரிக்கு ஐயா" என்றேன். ஏழு மணிக்கு உதயரூபன் மேடையில் ஏறி, முதலில் ஆற்றுப் பக்கம் திரும்பி வணக்கம் சொன்னான்.